சைட் திறக்கவில்லையா? டிஎன்எஸ் எங்கே தடுக்கிறது என்று உங்கள் கம்ப்யூட்டரிலேயே கண்டுபிடிக்கலாம்

இன்டர்நெட் வருகிறது, வாட்ஸ்அப் ஓடுகிறது, ஒரே ஒரு சைட் மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது. குரோமில் வெற்றுப் பக்கம் வந்து, அடியில் பொடி எழுத்தில் 'டிஎன்எஸ் ப்ரோப் ஃபினிஷ்ட் என்எக்ஸ்டொமைன்' என்று நிற்கிறது. டிஎன்எஸ் என்பது சைட்டின் பெயரை ஐபி எண்ணாக, அதாவது சர்வரின் முகவரி எண்ணாக, மாற்றித் தருகிற ஏற்பாடு. இதைக் கூகுளில் தேடினால் பத்துக்கு ஒன்பது பேர் சொல்வது ஒரே வைத்தியம்தான்: டிஎன்எஸ்ஸை 8.8.8.8 என்று மாற்று, ரௌட்டரை அணைத்துப் போடு. சில சமயம் சரியாகிவிடும், மறுக்கவில்லை. ஆனால் எதனால் சரியானது என்று தெரியாது, அடுத்த வாரம் திரும்ப வந்தால் மறுபடி முதலிலிருந்து குருட்டாம்போக்கில் தடவ வேண்டும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். எந்த செட்டிங்கையும் தொடுவதற்கு முன்னால் கேள்வி கேளுங்கள். ஒரு பெயரைக் கொடுத்தால் அதற்கு ஐபி எண் தருகிற இடங்கள் நாலைந்து இருக்கின்றன. பிரவுசர் தன் நினைவில் பார்க்கும். அங்கே இல்லையென்றால் விண்டோஸோ மேக்கோ தன்னிடமிருக்கும் ஹோஸ்ட்ஸ் ஃபைலையும் (பெயரும் அதன் ஐபியும் எழுதி வைத்த பட்டியல்) கேஷையும் (முன்பு கிடைத்த பதில்களின் சேமிப்பு) பார்க்கும். அதிலும் இல்லையென்றால் செட்டிங்கில் குறித்திருக்கிற ரிசால்வரை, அதாவது நமக்காக ஐபியைத் தேடித் தருகிற சர்வரை, கேட்கும், வீடுகளில் அது பெரும்பாலும் ரௌட்டர், ரௌட்டர் அதைக் கனெக்‌ஷன் கொடுத்த கம்பெனியின் சர்வருக்குத் தள்ளிவிடும். அந்த சர்வர் டிஎன்எஸ்ஸின் உச்சியிலிருக்கும் ரூட் சர்வர்களில் தொடங்கி, டாட் காம் அல்லது டாட் இன் வழியாக, கடைசியில் அந்த டொமைனுக்கே சொந்தமான, அதன் பதிவுகளை வைத்திருக்கிற நேம் சர்வரிடம் போய் நிற்கும். இந்த வரிசையில் தப்பான பதில் யார் வாயிலிருந்து வருகிறது என்று பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதற்கு வேண்டிய கருவிகள் ஏற்கெனவே உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கின்றன.

ஒரு விஷயம்: கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், டைப் செய்யும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள், இடைவெளி விட்ட இடத்தில் மட்டும் இடைவெளி விடுங்கள்.

முதலில், இது டிஎன்எஸ் பிரச்சினைதானா?

விண்டோஸில் கமாண்ட் ப்ராம்ப்ட், மேக்கிலும் லினக்ஸிலும் டெர்மினல். திறந்து இதை அடியுங்கள்:

பிங் 1.1.1.1

அப்புறம் இதை:

பிங் எக்ஸாம்பிள்.காம்

எண்ணுக்குப் பதில் வருகிறது, பெயருக்கு மட்டும் ஹோஸ்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வருகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், இது டிஎன்எஸ்தான். இரண்டுக்குமே பதில் இல்லையென்றால் பெரும்பாலும் கனெக்‌ஷனே இல்லை (சில ஆபீஸ் நெட்வொர்க்குகளில் பிங்கை மட்டும் அடைத்து வைத்திருப்பார்கள், அதையும் மனதில் வையுங்கள்). விண்டோஸில் 'ஐபிகான்ஃபிக் /ஆல்' அடித்துப் பார்த்து உங்கள் ஐபி 169.254 என்று ஆரம்பித்தால் ரௌட்டர் உங்களுக்கு முகவரியே கொடுக்கவில்லை, டிஎன்எஸ்ஸை நோண்டிப் பயனில்லை, வயரையோ வைஃபையையோ பாருங்கள்.

பலர் தவறவிடுகிற ஓர் இடம் இருக்கிறது. பெயரைக் கொடுத்து பிங் செய்யும்போது முதல் வரியிலேயே பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஓர் ஐபி எண் வருகிறதா என்று பாருங்கள். எண் வந்துவிட்டால் பெயரை எண்ணாக்கும் வேலை முடிந்துவிட்டது. அதற்குக் கீழே நாலு வரியும் 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்' என்று வந்தாலும் அது டிஎன்எஸ் தகராறு இல்லை: அந்த சர்வர் படுத்திருக்கலாம், இல்லை பிங்குக்குப் பதில் சொல்லாத சர்வராக இருக்கலாம். அதேபோல பிரவுசரில் 404, 502 என்று வந்தால் யாரோ ஒரு சர்வர் உங்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறது என்று அர்த்தம். அது சரியான சர்வர்தானா என்பது வேறு கேள்வி, அதற்குப் பிறகு வருகிறேன்.

என்எஸ்லுக்அப் சொல்வதை எப்படிப் படிப்பது

மூன்று இயங்குதளத்திலும் பழக்கப்பட்ட கருவி இதுதான். என், எஸ், அதை ஒட்டியே லுக், அப், எல்லாம் சேர்த்து ஒரே சொல்.

என்எஸ்லுக்அப் எக்ஸாம்பிள்.காம்

விண்டோஸில் முதல் இரண்டு வரி இப்படி வரும்: சர்வர்: அன்நோன், அட்ரஸ்: 192.168.1.1. இந்த 'அன்நோன்' என்பதைப் பார்த்துத்தான் நிறையப் பேர் பயந்து, டிஎன்எஸ் சர்வரே தெரியவில்லை போல என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது ஒன்றுமில்லை. 192.168.1.1 என்ற உங்கள் ரௌட்டர் எண்ணுக்குப் பெயர் உண்டா என்று தலைகீழாகக் கேட்டுப் பார்க்கிறது, பெயர் இல்லை, அவ்வளவுதான். நீங்கள் கவனிக்க வேண்டியது இரண்டாவது வரி, அதாவது யாரிடம் கேட்டது என்பது. அங்கே உங்களுக்குத் தெரியாத ஏதோ ஓர் எண் இருந்தால் அதுவே ஒரு துப்பு. எப்போதோ போட்டு நிறுத்திய விபிஎன், ஆன்டிவைரஸ், விளம்பரம் தடுக்கிற ஆப், இவற்றில் ஏதோ ஒன்று தன் சர்வரை அங்கே விட்டுவிட்டுப் போயிருக்கும். லினக்ஸில் 127.0.0.53 என்று வந்தால் கவலை வேண்டாம், அது உங்கள் மெஷினுக்குள்ளேயே ஓடுகிற சிஸ்டம்டி ரிசால்வ்ட், அதற்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' சொல்லும். மேக்கில் அதே விவரத்தை 'எஸ்சியூட்டில் --டிஎன்எஸ்' காட்டும்.

இன்னொன்று, விண்டோஸ் சில சமயம் நீங்கள் கொடுத்த பெயரின் வாலில் ஆபீஸ் டொமைனைத் தானாக ஒட்டிக் கேட்கும், பதில் விசித்திரமாக வரும். பெயரின் முடிவில் ஒரு புள்ளி வைத்துக் கேட்டால் ஒட்டாது.

அடுத்தது பதில். தெரியாத ஊரில் தெருமுனைக் கடையில் விலாசம் கேட்கிறீர்கள் என்று வையுங்கள். 'அப்படி ஒரு தெருவே இந்த ஊரில் இல்லை' என்று அடித்துச் சொல்வது ஒன்று, 'இருங்க, கேட்டுப் பார்த்தேன், சரியா சொல்ல முடியலை' என்பது ஒன்று, 'உங்களுக்குச் சொல்ல மாட்டேன்' என்பது ஒன்று, கடையில் ஆளே இல்லாதது ஒன்று. டிஎன்எஸ்ஸிலும் இதே நாலுதான்.

என்எக்ஸ்டொமைன், விண்டோஸ் மொழியில் 'நான்-எக்ஸிஸ்டன்ட் டொமைன்', என்றால் அப்படி ஒரு பெயர் இல்லை என்பது உறுதியான பதில். முதலில் எழுத்துப்பிழை பாருங்கள், உண்மையாகவே பாருங்கள். அது இல்லையென்றால் டொமைன் காலாவதியாகியிருக்கலாம், முடக்கப்பட்டிருக்கலாம், அல்லது நடுவில் ஒருவர் பொய் சொல்லலாம்.

செர்வ்ஃபெயில், அதாவது 'சர்வர் ஃபெயில்ட்', என்றால் ரிசால்வர் முயன்று பார்த்துத் தோற்றுப்போனது. பெரும்பாலும் கோளாறு அந்த டொமைனின் பக்கம். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் எல்லாம் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் காணாமல் போனதே, அப்போது உலகம் முழுக்க ரிசால்வர்கள் சொன்ன பதில் இதுதான். ஃபேஸ்புக்கின் நேம் சர்வர்களுக்குப் போகிற வழியே பிஜிபியிலிருந்து (நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் முறை) விலகிவிட்டது. அன்று நீங்கள் 8.8.8.8, 1.1.1.1 என்று எத்தனை முறை மாற்றியிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது.

ரெஃப்யூஸ்ட் என்றால் அந்த சர்வர் உங்களுக்குப் பதில் சொல்லும் சர்வர் இல்லை. ஒரு கம்பெனியின் ரிசால்வர் முகவரியை செட்டிங்கில் போட்டுவிட்டு வேறு கம்பெனியின் நெட்டுக்கு மாறியவர்களுக்கு இது அடிக்கடி வரும்.

டைம் அவுட் என்றால் கேள்வி போனது, பதிலே வரவில்லை: ரௌட்டர் தொங்கிவிட்டது, ஃபயர்வால் டிஎன்எஸ் கேள்விகள் போகிற 53ஆம் போர்ட்டை அடைக்கிறது, அல்லது கம்பெனியின் சர்வர் விழுந்துவிட்டது. ரௌட்டரை அணைத்துப் போடும் வைத்தியம் நியாயமாகப் பொருந்துவது இங்கேதான்.

பிங் ஒன்று சொல்ல, என்எஸ்லுக்அப் வேறொன்று சொன்னால்

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் மிகவும் குழப்புகிற கேஸ்கள் எல்லாம் இங்கேதான் அவிழும். விண்டோஸிலும் மேக்கிலும் என்எஸ்லுக்அப் நேராக ரிசால்வரிடம் போய்விடும், உங்கள் கம்ப்யூட்டரின் ஹோஸ்ட்ஸ் ஃபைலையோ விண்டோஸ் கேஷையோ திரும்பிக்கூடப் பார்க்காது. பிங் அப்படி இல்லை, மற்ற ஆப்களைப் போல எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் போகும். அதனால் ஒரே பெயருக்கு இரண்டும் வேறு வேறு ஐபி காட்டினால் வெளியே எங்கும் தேட வேண்டாம் (பெரிய சைட்களுக்கு இயல்பாகவே பல ஐபி இருக்கும், அதை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள்), குற்றவாளி உங்கள் மெஷினுக்குள்ளேயே இருக்கிறார்.

நண்பர் ஒருவருக்குச் சின்னதாக ஒரு ஜவுளி வியாபாரம், அதற்கு ஒரு சைட். சைட்டைப் புது ஹோஸ்டிங்குக்கு மாற்றிய பிறகு எல்லோருக்கும் புதுப் பக்கம் தெரிகிறது, அவருடைய கடைக் கம்ப்யூட்டரில் மட்டும் பழைய பக்கமே வருகிறது. பிரவுசர் ஹிஸ்டரியை அழித்தாயிற்று, ரௌட்டரை மாற்றியாயிற்று, அதே வைஃபையில் மொபைலில் பார்த்தால் புதுப் பக்கம். என்எஸ்லுக்அப் போட்டால் புது ஐபி, பிங் போட்டால் பழைய ஐபி. ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திறந்தோம், கடைசி வரியில் பழைய ஐபியும் அவர் டொமைனும் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. முதன்முதலில் சைட் செய்து கொடுத்தவர் சோதித்துப் பார்ப்பதற்காகப் போட்ட வரி, எடுக்காமல் விட்டுப் போயிருக்கிறார். அந்த வரியை அழித்ததோடு முடிந்தது.

ஹோஸ்ட்ஸ் ஃபைல் விண்டோஸில் சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்ற ஃபோல்டர்களுக்குள் இருக்கும், நோட்பேடை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால்தான் சேமிக்க விடும். மேக், லினக்ஸில் /ஈடிசி/ஹோஸ்ட்ஸ். 1983இல் பால் மொகபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைப்பதற்கு முன்பு இணையம் முழுவதற்கும் இப்படி ஒரே ஒரு ஃபைல்தான் இருந்தது, ஒவ்வொரு மெஷினும் அதை இறக்கி வைத்துக்கொள்ளும். அதன் மிச்சம் இன்றைக்கும் டிஎன்எஸ்ஸை மீறுகிற உரிமையோடு உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. # குறியில் ஆரம்பிக்கிற வரிகள் வெறும் குறிப்பு, அவற்றை விட்டுவிடுங்கள். வங்கிப் பெயர், ஃபேஸ்புக் என்று ஏதாவது தெரிந்த சைட்டின் பெயர் நீங்கள் போடாமலேயே அங்கே இருந்தால் அது மால்வேர் வேலையாக இருக்கலாம், வரியை அழிப்பதோடு நிறுத்தாமல் ஸ்கேன் செய்யுங்கள்.

ஹோஸ்ட்ஸ் சுத்தம் என்றால் கேஷ். விண்டோஸில் 'ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ்'. சிஸ்டம்டி ஓடும் லினக்ஸில் 'ரிசால்வ்சிடிஎல் ஃப்ளஷ்-கேஷஸ்'. மேக்கில் 'சூடோ டிஎஸ்கேஷ்யூட்டில் -ஃப்ளஷ்கேஷ்', அதைத் தொடர்ந்து 'சூடோ கில்ஆல் -எச்யூபி எம்டிஎன்எஸ்ரெஸ்பாண்டர்' (எச்யூபி பெரிய எழுத்தில், எம்டிஎன்எஸ்ரெஸ்பாண்டரில் டிஎன்எஸ் மூன்றும் ரெஸ்பாண்டரின் முதல் எழுத்தும் பெரியவை). குரோம் தனக்கென்று ஒரு கேஷ் வைத்திருக்கிறது, முகவரிப் பட்டியில் குரோம்://நெட்-இன்டர்னல்ஸ்/#டிஎன்எஸ் என்று அடித்தால் அழிக்கிற பட்டன் இருக்கும். ஃபயர்ஃபாக்ஸில் அபவுட்:நெட்வொர்க்கிங் பக்கம்.

எல்லா ஆப்பிலும் வேலை செய்கிறது, ஒரு பிரவுசரில் மட்டும் இல்லை என்றாலோ, அல்லது நேர்மாறாக பிரவுசரில் மட்டும் வேலை செய்கிறது என்றாலோ, பிரவுசரின் 'செக்யூர் டிஎன்எஸ்' செட்டிங்கைப் பாருங்கள். அது ஆன் ஆகியிருந்தால் பிரவுசர் விண்டோஸைக் கேட்காமல் எச்டிடிபிஎஸ் வழியாகத் தானே வேறொரு ரிசால்வரைக் கேட்கக்கூடும், நீங்கள் விண்டோஸில் என்ன மாற்றினாலும் அதன் காதில் விழாது. ஆபீஸ் விபிஎன்னுக்குள் மட்டும் இருக்கிற உள் சைட்கள் திறக்காமல் போவதற்கு இது ஒரு வழக்கமான காரணம். கம்ப்யூட்டர் கடிகாரம் தப்பாக இருந்தாலும் இந்த வழி படுத்துவிடும், சர்டிஃபிகேட்டைச் சரிபார்க்க முடியாது. பேட்டரி தீர்ந்த பழைய டெஸ்க்டாப்களில் தேதியைப் பார்த்துவிடுவது நல்லது.

இப்போது ரிசால்வரை மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம்

கவனியுங்கள், மாற்றவில்லை, மாற்றிக் கேட்கிறோம். செட்டிங்கைத் தொடாமலே கட்டளையின் கடைசியில் சர்வர் எண்ணைக் கொடுத்தால் போதும்:

என்எஸ்லுக்அப் எக்ஸாம்பிள்.காம் 8.8.8.8

கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1, க்வாட்9இன் 9.9.9.9, மூன்றிடமும் கேளுங்கள். மூன்றும் சரியாகச் சொல்லி உங்கள் ரௌட்டர் மட்டும் தப்பாகச் சொன்னால் கோளாறு ரௌட்டரிலோ கனெக்‌ஷன் கம்பெனியிலோ இருக்கிறது. மூன்றும் தப்பாகச் சொன்னால் டொமைனின் பக்கம். க்வாட்9 மட்டும் என்எக்ஸ்டொமைன் சொன்னால் அதற்கு வேறு பொருள் உண்டு, ஆபத்தானவை என்று தெரிந்த சைட்களை அது வேண்டுமென்றே மறைக்கும்.

எல்லோரும் ஒரே மாதிரி தப்பாகச் சொல்வதாகத் தோன்றினாலும் இன்னொரு சோதனை பாக்கியிருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. 192.0.2.1 என்பது ஆவணங்களில் உதாரணம் காட்டுவதற்காக ஒதுக்கப்பட்ட எண் தொகுதியைச் சேர்ந்தது, அங்கே எந்த டிஎன்எஸ் சர்வரும் இருக்கக் கூடாது. அதனிடம் கேளுங்கள்:

என்எஸ்லுக்அப் எக்ஸாம்பிள்.காம் 192.0.2.1

டைம் அவுட் வர வேண்டும். மாறாகப் பதில் வந்தால், 53ஆம் போர்ட்டில் போகிற கேள்வி எல்லாவற்றையும் நடுவில் யாரோ மறித்துத் தாங்களே பதில் சொல்கிறார்கள். நீங்கள் 8.8.8.8இடம் கேட்டதாக நினைத்ததெல்லாம் அங்கே போகவே இல்லை. இந்த நிலையில் விண்டோஸில் சர்வர் எண்ணை மாற்றிப் பயனில்லை, மேலே சொன்ன 'செக்யூர் டிஎன்எஸ்' போன்ற மறைகுறியாக்கப்பட்ட டிஎன்எஸ்தான் வழி. இந்தியாவில் அரசு அல்லது நீதிமன்ற உத்தரவுப்படி முடக்கிய சைட்களுக்குச் சில கம்பெனிகள் டிஎன்எஸ்ஸிலேயே வேறு முகவரியைக் கொடுப்பதும் உண்டு, அதைக் கோளாறு என்று நினைத்து மணிக்கணக்கில் தேடாதீர்கள்.

ரிசால்வரை நிரந்தரமாக மாற்ற முடிவு செய்தால் ஐபிவி6ஐயும் (ஐபி எண்ணின் புதிய, நீளமான வகை; 8.8.8.8 போன்றவை பழைய ஐபிவி4) சேர்த்து மாற்றுங்கள். ரௌட்டர் ஐபிவி6 வழியாகத் தன் டிஎன்எஸ்ஸை அறிவித்துக்கொண்டிருந்தால், ஐபிவி4இல் நீங்கள் போட்ட 8.8.8.8ஐ விட்டுவிட்டு விண்டோஸ் அதையே கேட்டுக்கொண்டிருக்கலாம். கூகுளுக்கு 2001:4860:4860::8888, கிளவுட்ஃப்ளேருக்கு 2606:4700:4700::1111.

ரயில் நிலையம், விமான நிலையம், ஹோட்டல் வைஃபைகளில் இதற்கு நேர்மாறு. லாகின் பக்கத்தை உங்களுக்குக் காட்டுவதற்கே அவர்களுடைய டிஎன்எஸ் வேண்டும். நீங்கள் கையால் வேறு எண்ணைப் போட்டு வைத்திருந்தால் லாகின் பக்கம் வராமலே சுற்றிக்கொண்டிருக்கும். அங்கே போனால் தானியங்கிக்கு மாற்றிவிட்டு, லாகின் ஆன பிறகு உங்கள் விருப்பத்துக்குப் போங்கள். ஆண்ட்ராய்டில் 'பிரைவேட் டிஎன்எஸ்' செட்டிங்கும் இதே கதைதான்.

வீட்டு ரௌட்டரின் டிஎன்எஸ் கட்டத்தை ஒரு முறையாவது திறந்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். டிஎன்எஸ்சேஞ்சர் என்ற மால்வேர் உலகெங்கும் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களில் இந்த எண்ணை மாற்றி, தன் சர்வர்களைக் கேட்க வைத்தது. 2011 நவம்பரில் எஃப்பிஐ அந்தக் கும்பலைப் பிடித்தது. சர்வர்களை உடனே நிறுத்தினால் பாதிக்கப்பட்ட அத்தனை பேருக்கும் எந்த சைட்டும் திறக்காது என்பதால் மாற்று சர்வர்களை வைத்து 2012 ஜூலை 9 வரை ஓட்டினார்கள். ரௌட்டரின் அட்மின் பாஸ்வேர்ட் இன்னும் பெட்டியில் வந்ததேதான் என்றால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

டொமைன் உங்களுடையது என்றால்

நடுவில் இருக்கிற எல்லோரையும் விட்டுவிட்டு, சொந்தக்காரரிடமே கேளுங்கள்.

என்எஸ்லுக்அப் -டைப்=என்எஸ் உங்கள்டொமைன்.காம்

வருகிற நேம் சர்வர் பெயரில் ஒன்றை எடுத்து, முன்பு 8.8.8.8 போட்ட இடத்தில் போட்டு மறுபடி கேளுங்கள். அங்கே புது ஐபி, வெளியே பழைய ஐபி என்றால் பொறுத்திருக்க வேண்டியதுதான், ஒவ்வொரு பதிலோடும் டிடிஎல் என்று ஒரு வினாடிக் கணக்கு போகும், அது தீரும்வரை ரிசால்வர்கள் பழையதையே சொல்லும். சர்வர் மாற்றப் போகிறீர்கள் என்றால், பழைய டிடிஎல் 86400 ஆக இருக்கும்பட்சத்தில், ஒரு நாள் முன்பே 300 ஆகக் குறைத்து வையுங்கள். நேம் சர்வரையே மாற்றினால் அது உங்கள் கையில் இல்லை, டாட் காமில் அந்தப் பதிவின் டிடிஎல் 172800 வினாடி, முழுதாக இரண்டு நாள். கூகுளும் கிளவுட்ஃப்ளேரும் தங்கள் ரிசால்வரின் கேஷை ஒரு பெயருக்கு மட்டும் யார் வேண்டுமானாலும் அழிக்கிற பக்கம் வைத்திருக்கின்றன, அதைப் பயன்படுத்துங்கள்.

'இல்லை' என்ற பதிலும் கேஷில் உட்காரும் என்பது பலருக்குத் தெரியாது. புது சப்டொமைனைப் பதிவு செய்வதற்கு முன்பே வந்துவிட்டதா என்று ஆர்வத்தில் தட்டிப் பார்த்தால், அந்த என்எக்ஸ்டொமைன் சில நிமிஷமோ சில மணி நேரமோ ஒட்டிக்கொள்ளும். முதலில் பதிவு, அப்புறம் பார்ப்பது.

நேம் சர்வர் பெயரே வரவில்லை என்றால் ஹூயிஸில் (டொமைன்களின் பதிவு விவரம் காட்டும் தேடல்) டொமைனின் நிலையைப் பாருங்கள். 'கிளையன்ட் ஹோல்ட்' என்றிருந்தால் டொமைனை விற்ற கம்பெனியே அதைத் தூக்கி வைத்திருக்கிறது: பணம் கட்டவில்லை, அல்லது டொமைன் வாங்கியபோது வந்த இமெயில் சரிபார்ப்பு லிங்கை 15 நாளுக்குள் அழுத்தவில்லை. இரண்டாவது காரணம் எளிதில் கண்ணில் படாது, ஸ்பாம் ஃபோல்டரைத் தேடுங்கள்.

நேம் சர்வர் ஒழுங்காகப் பதில் சொல்கிறது, ஆனாலும் பொது ரிசால்வர்கள் செர்வ்ஃபெயில் சொல்கின்றன என்றால் டிஎன்எஸ்செக்கை, அதாவது பதில் போலியில்லை என்று டிஜிட்டல் கையொப்பத்தால் உறுதிசெய்யும் ஏற்பாட்டை, சந்தேகப்படுங்கள். மேக்கிலும் லினக்ஸிலும் 'டிக் உங்கள்டொமைன்.காம் +சிடி' என்று, கையொப்பத்தைச் சரிபார்க்காதே என்று சொல்லிக் கேட்கலாம். அப்படிக் கேட்டால் மட்டும் பதில் வருகிறதென்றால் கையொப்பத்தில்தான் சிக்கல். விண்டோஸில் டிக் இல்லை, பிரவுசரில் டிஎன்எஸ்.கூகுள் பக்கத்தைத் திறந்து பெயரைக் கொடுங்கள். 2021 செப்டம்பர் 30 அன்று ஸ்லாக் இதில் மாட்டியது, டிஎன்எஸ்செக்கை இயக்கி, சிக்கல் வந்ததும் அவசரமாகப் பின்வாங்க, பழைய பதிவு கேஷில் இருந்த ரிசால்வர்களில் எல்லாம் அதன் டொமைன் விழுந்தது. நேம் சர்வர் மாற்றுகிறவர்கள் பழைய டிஎஸ் பதிவை (டொமைனுக்குக் கையொப்பம் உண்டு என்று மேலே டாட் காம் போன்ற இடத்தில் இருக்கும் பதிவு) முதலில் எடுத்து, அதன் டிடிஎல் தீர்ந்த பிறகே மாற்ற வேண்டும்.

டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் என்று தமிழ் எழுத்திலேயே முடிகிற டொமைன்களுக்கு ஒரு குறிப்பு. டிஎன்எஸ்ஸுக்குள் அவை எக்ஸ், என், இரண்டு ஹைஃபன் என்று தொடங்கும் ஆங்கில எழுத்து வடிவத்தில்தான் இருக்கின்றன. பிரவுசர் தானாக மாற்றிக்கொள்ளும், கமாண்ட் ப்ராம்ப்ட்டில் தமிழில் அடித்தால் குளறுபடியாகலாம், எனவே அந்த வடிவத்தைக் கொடுத்துக் கேளுங்கள்.

கடைசியில் கோளாறு உங்கள் கையில் இல்லை, கம்பெனிக்குத்தான் எழுத வேண்டும் என்று ஆகிவிட்டால், 'நெட் வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தப் பெயர், எந்த நேரம், ரௌட்டரிடம் கேட்டபோது வந்த பதில், 8.8.8.8இடம் கேட்டபோது வந்த பதில், மொபைல் டேட்டாவில் வந்த பதில், மூன்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுக்காமல் எழுத்தாகவே நகலெடுத்து ஒட்டுங்கள். கஸ்டமர் கேரில் முதலில் எடுப்பவருக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை, அது மேலே போய் நெட்வொர்க் பார்க்கிற ஆளின் கைக்குக் கிடைத்தவுடன் அவர் மறுபடி உங்களைக் கேள்வி கேட்காமல் வேலையைத் தொடங்கலாம்.